பேக் காயும் வரை

கண்ண மூடிக்கோங்கக்கான்னு சொன்னா, மூடிக்கிட்டேன். இருவத்திரெண்டு வருசமா நான் அடுத்தவளுக்குச் சொன்ன வார்த்த, இன்னைக்கு என் பியூட்டி பார்லர்ல என் கட்டில்லயே என்னயப் படுக்கவச்சு ஒருத்தி எனக்குச் சொல்லுதா. சும்மா சொல்லக்கூடாது, முதுகு மெத்தையில பட்டதும் அப்பாடான்னு இருந்திச்சி. ஆனா நான் சொகத்துக்கா படுத்திருக்கேன், குத்தம் கண்டுபிடிக்கப் படுத்திருக்கேன். கிருபான்னு பேரு, சாத்தூர்க்காரி, இருவத்தொண்ணு வயசு, மதுரையில ரெண்டு வருசம் காலேஜுல இதையே படிச்சவளாம். ரெண்டு வருசம். அந்த நேரத்துல ஒரு பிள்ளயப் பெத்து, நடக்கவச்சு, எதுத்துப் பேசவும் வச்சிரலாம். என் கடையில ஒரு ஆள் எடம் காலி. இருந்தவ கல்யாணமாகித் தூத்துக்குடி போயிட்டா, மூணு மாசமா ஒத்தையாளாக் கெடந்து அல்லாடுதேன், தோள்பட்ட ரெண்டும் போயிட்டு. எடம் ஒண்ணு, கேட்டு வாரது ரெண்டு பேரு. இவ ஒருத்தி. இன்னொருத்தி சண்முகக்கனி, எங்கிட்டயே பதினஞ்சு நாள் கோர்ஸ் படிச்சு, எங்கிட்டயே ரெண்டு வருசம் வேல பாத்து, நானே வெளிய அனுப்புனவ. அது நடந்து வருசம் எட்டாச்சு. போன வாரம் போன் பண்ணி, அக்கா ஆள் தேடுதீகளாமேன்னு மெதுவாக் கேட்டா. செவ்வாக்கெழம நாலு மணிக்கு வா, பேசுவோம்னுட்டேன். இப்ப மணி மூணு. இந்தப் பிள்ள எனக்கு ஒரு பேசியல் போட்டுக் காட்டணும், அது முடியுததுக்குள்ள யாருக்கு எடம்னு நான் முடிவு பண்ணணும். செவ்வாக்கெழமயப் பாத்து வச்சதும் காரணமாத்தான், எங்க கோயில்பட்டியில செவ்வா வெள்ளி பொம்பளைக முடியில கை வைக்க விடமாட்டாக, கடையில ஈ காக்கா இருக்காது. உள்ளதச் சொன்னா, இந்தக் காலேஜுக்காரிய வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு குத்தம் வேணும், ஒண்ணே ஒண்ணு போதும்.

படுக்கதுக்கு முன்னாடியே ஒரு கூத்து நடந்துட்டு. பையிலேருந்து ஒரு அட்டையும் பேனாவும் எடுத்துக்கிட்டு எதுத்தாப்புல ஸ்டூலப் போட்டு உக்காந்தா. "அக்கா, சுகர் இருக்கா?" இல்ல. "பிரஷர்?" உன்னயப் பாத்தப்புறம் வந்திருக்கும். சிரிக்கல, இல்லன்னு எழுதிக்கிட்டா. எது ஒத்துக்காது, தலவலி வருமா, வேற எங்கயும் முகத்துக்கு என்ன பண்ணுனீங்க, வரிசையாக் கேக்கா. "ராத்திரி முகத்துக்கு எதுவும் போடுறீங்களாக்கா? டாக்டர் எழுதிக் கொடுத்த பரு க்ரீம் மாதிரி?" "ஏ பிள்ள, பேசியல் போட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா"ன்னேன். அதுக்கும் சிரிக்கல. "இல்லக்கா, அந்த க்ரீம் போடுறவங்களுக்குத் தோலு மேலாக்க லேசாப் போயிருக்கும். பாக்கப் பளபளன்னு இருக்கும், ஆனா பலம் இருக்காது. கேக்காம வேக்ஸ் வச்சா முடியோட தோலும் சேந்து வந்திரும். வேக்ஸ் சூடே இல்லாட்டியும் வரும். முத செமஸ்டர்லயே கேக்கச் சொல்லிக் கொடுத்திருவாங்க"ன்னா. சாதாரணமாச் சொன்னா, மழ வரும்போலருக்குன்னு சொல்லுத மாதிரி. சொல்லிட்டு அட்டைய மேசையில வச்சுட்டு கையக் கழுவப் போயிட்டா. எனக்கு எதுவோ ஒரு பழசு நெனப்புக்கு வரப் பாத்திச்சி. சரி, கெடக்கட்டும், பொறவு பாப்போம்னு படுத்துட்டேன்.

கை ஜில்லுன்னு இருக்கும்னு எதிர்பாத்தேன், இல்ல, உள்ளங்கைய ஒண்ணோட ஒண்ணு தேச்சுச் சூடாக்கிட்டுத்தான் வைக்கா. நகத்த ஒட்ட வெட்டியிருக்கா. மோதிரம் இல்ல. வாயில வெங்காய வாட இல்ல. என்னத்தடா குத்தம் சொல்ல. கழுத்துலேருந்து மேல ஏத்துதா, தாடைய ஓரமாப் பிடிச்சுக் காதுப்பக்கம் கொண்டுபோறா, அங்கன ஒரு அமுக்கு, விடுதா. கீழாக்க இழுக்கவே இல்ல. நான் இழுப்பேன், அவசரத்துல மேலயும் கீழயும் இழுப்பேன், சாயங்காலம் நாலு பேரு காத்திருந்தா முகம் என்ன, தோசக்கல்லு என்ன. அந்தா, கிடைச்சிட்டு ஒரு குத்தம், வாய்க்குள்ள எண்ணுதா. ஒண்ணு, ரெண்டு, மூணு, எட்டு வரைக்கும் எண்ணி அடுத்த எடத்துக்குப் போறா. எண்ணி எண்ணியா தடவுவாக. பேச்சும் கெடையாது. என் கடைக்கு வாரவளுக முகத்துக்கு மட்டுமா வாராளுக, வாயத் தொறந்து ரெண்டு வார்த்த கொட்டிட்டுப் போவத்தான வாராளுக. கைய வச்ச மாத்திரத்துல தாடை இறுகியிருக்கா இளகியிருக்கான்னு பாத்து, வீட்டுல சண்டையா சமாதானமான்னு நான் சொல்லிருவேன். தாடை இறுகியிருந்தா வாயக் கிளற மாட்டேன், சும்மா அமுக்கி விடுவேன், அஞ்சாவது நிமிசம் அவளே அழுதிருவா. இத எந்த செமஸ்டர்ல சொல்லிக் கொடுக்காக. இப்படி நெனச்சிக்கிட்டு இருக்கும்போதே, "அக்கா, தாடைய ரொம்பக் கடிச்சுப் பிடிச்சிருக்கீங்க, தளர விடுங்க"ன்னு சொல்லுதா. தளர விட்டேன். கீழ பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் விளாத்திகுளம் விளாத்திகுளம்னு கத்திக்கிட்டே இருக்கான், காத்தாடி ஒரு சுத்துக்கு ஒருக்க டொக்குன்னு ஒரு சத்தம் போடுது, ரோசாப்பூ வாசம் மூக்குல ஏறுது. நான் எத்தன பேருக்கு இதச் செஞ்சிருக்கேன், ஒருத்தியும் இது இவ்வளவு நல்லாருக்குன்னு சொன்னதில்லயே.

ரெண்டு வருசம் என்னத்தப் படிப்பாளுகளோ. நான் படிச்சது இருவத்தோரு நாள். மதுரையில ஒரு கல்யாண மண்டபத்து மாடியில, சாப்பாட்டுப் பந்தி போடுத நீள மேசைய ரெண்டு பக்கமும் இழுத்துப் போட்டு, முப்பத்திநாலு பொம்பளைக. முத மூணு நாளும் நூலு. கால் பெருவெரல்ல ஒரு முனையக் கட்டிக்கிட்டு, மறு முனைய வாயில கடிச்சிக்கிட்டு, எங்க முழங்கால் முடிய நாங்களே பிடுங்கிப் பழகணும். நாலாவது நாள் ஒருத்தி புருவத்த ஒருத்தி. நான் ஒரு பக்கத்தக் கொஞ்சம் கூட எடுத்துட்டேன்னு மறு பக்கத்தச் சரி பண்ண, மறுக்க இந்தப் பக்கத்தச் சரி பண்ண, பத்தாவது நாளெல்லாம் வகுப்புல யாருக்கும் புருவமே இல்ல, மையால கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரரு கதவத் தொறந்துட்டு யாரும்மா வேணும்னு கேட்டாரு. விளையாட்டுக்குத்தான் கேட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் சாதிக்காரு. அந்த இருவத்தோரு நாளும் என் வாழ்க்கையிலயே நல்ல நாளு. சோறு பொங்கல, துணி துவைக்கல, காலையில நோட்ட எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்தேன், சாயங்காலம் ஒரு புதுசு தெரிஞ்சிக்கிட்டு வந்தேன். கடைசி நாள் சர்டிபிகேட்டு கொடுத்தாக. அத அப்படியே லேமினேசன் பண்ணி மாட்டியிருக்கேன். இந்தப் பிள்ள உள்ள வந்ததும் அதத்தான் நின்னு படிச்சா. எத்தன நாள்னு போட்டிருக்கத அவ கண்ணு தேடுனத நான் பாத்தேன். சுருக்குன்னு இருந்திச்சி. இருக்கட்டும், அந்த இருவத்தோரு நாள வச்சு நான் எத்தன மணவறைக்குப் பொண்ணுகள அனுப்பியிருக்கேன். அப்புறம் நானே வாத்தியாரம்மா ஆனேன், பதினஞ்சே நாளில் பியூட்டிசியன்னு போர்டு எழுதி வச்சேன். நான் இருவத்தோரு நாள்ல படிச்சத பதினஞ்சு நாள்ல சொல்லிக் கொடுத்தேன். மிச்ச ஆறு நாளு எங்க போச்சுன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. அந்த ஆறு நாளும் சேந்து இருந்தாக்கூட, ராத்திரி என்ன க்ரீம் போடுதன்னு கேக்கணும்ங்கது அதுல வராது. அது எனக்கே யாரும் சொல்லல. எனக்குத் தெரியாதத நான் எப்படிக் கனிக்குச் சொல்லியிருப்பேன். பாத்தியா, மறுக்க அங்கயே வந்து நிக்கி.

வேண்டாம்னு பாத்தாலும் மங்களேசுவரி முகம் வந்துட்டு. எட்டு வருசத்துக்கு முன்னாடி, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கு, பேங்குல வேல பாத்த பொண்ணு. நான் தலைக்கு மருதாணி கலக்கிக்கிட்டு இருந்தேன், கனிதான் அவளுக்கு மேலுதட்டுல வேக்ஸ் வச்சா. ஒரு இழுப்பு. அந்தப் பொண்ணு கத்தக்கூட இல்ல, உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்தா, அவ்வளவுதான். திரும்பிப் பாத்தா உதட்டுக்கு மேல ரெண்டு வெரல் அகலத்துக்குத் தோலு வந்துட்டு, ஈரமாச் செவந்து கெடக்கு. கனி கையில அந்தத் துணிப் பட்டையப் பிடிச்சிக்கிட்டு செல மாதிரி நிக்கா. நான் என்ன செஞ்சேன். ஓடிப்போயி வேக்ஸ் சட்டியத் தொட்டுப் பாத்தேனா, இல்ல. அந்தப் பொண்ணோட அம்மா முன்னாடி வச்சு, சூடு பாக்காம வச்சிட்டியேட்டி பாவின்னு கனியப் பிடிச்சிக் கத்துனேன். ஏன் கத்துனேன். அந்தம்மா எங்கடையத் திட்டுததுக்கு முன்னாடி நான் யாரையாவது திட்டிரணும், அவ்வளவுதான் என் புத்தி. கனி என்னவோ சொல்ல வந்தா. வாய மூடுன்னேன். மறுநாளுலேருந்து வராதன்னேன். அப்புறம் நானே அவுக வீட்டுக்குப் போயி, கை தெரியாத பிள்ள, சூடு கூடிப்போச்சு, அனுப்பிட்டேன்னு சொல்லிக் காலப் பிடிக்காத கொறையா மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். மங்களேசுவரி கல்யாண போட்டோ எல்லாத்துலயும் மேலுதட்டுல அப்பியிருக்கும் பவுடரு. அவுக தெரு பூரா கனியப் பத்தித்தான் பேச்சு, முகத்தச் சுட்டவன்னு. இப்ப இந்தச் சாத்தூர்ப் பிள்ள சொன்னது காதுக்குள்ள நிக்கி, சூடே இல்லாட்டியும் வரும். அன்னைக்கு அந்தப் பொண்ணு வந்து உக்காந்ததும் நாந்தான் சொன்னேன், என்ன புதுப்பொண்ணே, முகம் இப்படிப் பளபளங்கி, மாப்பிள்ள யோகக்காரருன்னு. அவுகம்மா பெருமையாச் சொன்னாக, பரு நெறையக் கெடந்துதுங்க, டாக்டரு ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தாரு, ஒண்ணர மாசமாப் போடுதா, ஒண்ணு பாக்கியில்லாமப் போயிட்டுன்னு. சொன்னாக. என் காதுல விழுந்திச்சி. இப்பக்கூட அவுக கொரலு கேக்கு. பளபளப்பு, க்ரீம்னு அந்த வார்த்த ரெண்டும் எங்கிட்ட எட்டு வருசமா இருந்திருக்கு, தோலு போனது அதுனாலதான்னு எனக்குத் தெரியல. கனி சுடல. யாருமே சுடல.

இவ கை இப்ப நெத்திக்கு வந்துட்டு. ரெண்டு பெருவெரலும் நடுவுலேருந்து ஓரத்துக்குப் போகுது, நான் முடிச்சுப் போட்டு வச்சிருக்கதையெல்லாம் பிரிச்சு விடுத மாதிரி. கண்ணு ஓரத்துல தண்ணி வந்துட்டு, அவ பஞ்சால ஒத்தி எடுத்தா, ஏன்னு கேக்கல. நல்ல பிள்ள. கேக்கக்கூடாத எடமும் தெரிஞ்சிருக்கு. இவள எடுக்கக்கூடாதுன்னு நான் ஏன் இவ்வளவு ஒத்தக்கால்ல நின்னேன்னு எனக்கே இப்பத்தான் வெளங்குது. பயம், வேற என்ன. நாளைக்கு ஒரு கஸ்டமரு முன்னாடி, அக்கா அப்படிச் செய்யக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா என் இருவத்திரெண்டு வருசமும் என்னத்துக்கு ஆகும். சொல்லட்டுமே. சொன்னா ஒரு பிள்ளைக்காவது தோலு மிஞ்சும்லா. அதுக்குன்னு நான் ஒண்ணும் சும்மா இல்ல. மணவறையில வேர்த்து ஒழுகுத பொண்ணுக்கு அஞ்சு நிமிசத்துல முகத்த நிப்பாட்டத் தெரியும், மேக்கப் வேண்டாம்னு அடம் பிடிக்குதவள சிரிக்கவச்சுப் பொட்டு வைக்கத் தெரியும். அது இவளுக்கு வர இன்னும் பத்து வருசம் ஆகும். ஆகட்டும், எங்கிட்ட இருந்து ஆகட்டும். அப்போ கனி. கனி நாலு மணிக்கு வருவா. எட்டு வருசமா ஒரு கடல மிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் ஒட்டிக்கிட்டு இருந்தவ. சொல்லணுமா. சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது. பழச மறந்துட்டேன்ட்டி, வந்து சேருன்னு பெருந்தன்மையா ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவ கையெடுத்துக் கும்பிடுவா. கும்பிட்டா எனக்கு அடுக்குமா. இல்ல, எடமில்லன்னு சொல்லி அனுப்பிட்டா அதோட முடிஞ்சிட்டு. எப்படிப் பெரட்டிப் போட்டாலும் ஒரு பக்கம் வேகாமத்தான் இருக்கு.

"அக்கா, முகத்துல களிமண் பேக் போடப் போறேன். காயிற வரைக்கும் இருவது நிமிசம் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. பேசுனா கோடு விழுந்திரும்." தெரியாதாக்கும். நான் போட்டா, போட்டுக்கிட்டே நாந்தான் பேசிக்கிட்டு இருப்பேன், படுத்திருக்கவ ம் ம்னு சொல்லிக்கிட்டுக் கெடப்பா. பிரஷ்ஷு ஜில்லுன்னு கன்னத்துல போகுது. கண்ணுக்கு ரெண்டு பஞ்சு, பன்னீர்ல நனச்சது. உலகம் அடைச்சிப்போச்சு. ஒரு ரெண்டு நிமிசம் எதுவுமே நெனக்கல. தோள்பட்ட வலி எங்கயோ தூரத்துல இருந்திச்சி, கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி கெடந்திச்சி, முகம் மட்டும் குளுந்து மெல்ல இறுகிக்கிட்டு வருது. கடையத் தொறந்த நாள்லேருந்து பகல்ல நான் படுத்ததே இல்ல. இது நல்லாருக்கு, யாரும் எதுவும் கேக்க முடியாது, நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அப்போதான் மாடிப்படியில செருப்புச் சத்தம். மூணாவது படியில ஒரு நிப்பு, மறுக்க ஏறுது. எட்டு வருசமானாலும் அந்த நடை எனக்குத் தெரியும். சீக்கிரமே வந்துட்டா.

"அக்கா இல்லையா?" கனி கொரலு, கொஞ்சம் கரகரத்திருக்கு. "இங்கதான் படுத்திருக்காங்க, பேக் போட்டிருக்கேன், பேசக்கூடாது. உக்காருங்கக்கா"ன்னு கிருபா ஸ்டூல இழுத்துப் போடுதா. "ஓ, ஆள் எடுத்துட்டாகளா"ன்னா கனி. மெதுவாத்தான் சொன்னா, அதுல கோவம் இல்ல, அதுதான் எனக்கு என்னவோ பண்ணுச்சி. இல்லட்டின்னு சொல்ல வாய் வருது, முகம் இறுகிக் கெடக்கு. "இன்னும் சொல்லலக்கா, பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க"ன்னு இவ உள்ளத உள்ளபடி சொல்லுதா. ஒருத்திக்கு ஒருத்தி போட்டின்னு ரெண்டு பேருக்கும் இப்பத் தெரிஞ்சிட்டு, நான் நடுவுல களிமண்ணப் பூசிக்கிட்டுப் படுத்திருக்கேன். அப்புறம் கனி, "என்ன பிள்ள, ஊருக்கெல்லாம் முகம் பாக்கப் போற, ஒம் புருவம் கருவேலங்காடாக் கெடக்கு"ன்னா. கிருபா சிரிச்சிட்டா, வந்ததுலேருந்து நான் தலகீழா நின்னும் சிரிக்காதவ. "எனக்கு த்ரெடிங் கொஞ்சம் மெதுவாத்தான்க்கா வரும். காலேஜுல பொம்ம தலைதான் நெறைய, ஆளு கம்மி." "வா, உக்காரு, செவ்வாக்கெழமன்னு பாக்காத, அவுக காயிறதுக்குள்ள முடிச்சிருவேன்." நாற்காலி கிறீச்சுன்னுச்சி, அது நான் பின்னால நின்னு வேல பாக்குத நாற்காலி. நூல அறுக்குத சத்தம், அப்புறம் அந்தச் சர்சர். அடடா, அந்தச் சத்தம். எட்டு வருசம் மிட்டாய் ஒட்டுன கை, ஒரு எடத்துல தட்டல. நூலு ஒரே சீரா ஓடுது, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல மூச்சு விடுத நேரந்தான். நாந்தான் சொல்லிக் கொடுத்தேன்னு நெஞ்சு பொங்குது. "வலிக்கவே இல்லையேக்கா"ன்னு கிருபா சொல்லுதா.

ஒரு புருவம் முடிஞ்சிருக்கணும். "உதட்டுக்கு மேலயும் பூன முடி கெடக்கு, அதையும் எடுத்து விடவா?" "ஐயோ, வேண்டாம்க்கா. வாயச் சுத்தி நான் பரு க்ரீம் போடுறேன். அது போட்டிருந்தா அந்த எடத்துல கை வைக்கக்கூடாது, வேக்ஸ் வச்சா தோலே உரிஞ்சு வந்திரும்." "சூடு கூடிட்டா உரியும்"னா கனி. "சூடே வேண்டாம்க்கா, வெதுவெதுப்பா இருந்தாலும் உரியும். க்ரீம்னாலதான்." நூல் நின்னுட்டு. நின்ன நூலுக்குச் சத்தம் கெடையாது, ஆனா எனக்குக் கேட்டிச்சி. அவளுக்கும் அந்தம்மா சொன்னது நெனப்பு வந்திருக்கும், டாக்டர் கொடுத்த க்ரீம்னு, அவளும் பக்கத்துலதான நின்னா. இப்பச் சொல்லுவா பாரு, இந்தப் பிள்ள முன்னாடி போட்டு உடைப்பா, உடைக்கட்டும், எனக்கு அது வேணும்னு பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கேன். "அப்படியா"ன்னா கனி. அவ்வளவுதான். "தலய நிமுத்து பிள்ள, இந்தப் பக்கம் திரும்பு." நூலு மறுக்க ஓட ஆரம்பிச்சிட்டு. என்னயக் காட்டிக் கொடுக்கல. ஒரு புதுப்பிள்ள முன்னாடி எனக்குத் தலகுனிவு வந்திரக்கூடாதுன்னு முழுங்கிட்டா. ஒரு நிமிசம் முந்தி வரைக்கும் சொல்லாம இருந்தா என்னன்னு கணக்குப் போட்டவ நான். வெக்கமா இருந்திச்சி, ரொம்ப வெக்கமா இருந்திச்சி.

"கனி"ன்னேன். கன்னத்துல ரெண்டு பக்கமும் பொருக்கு விட்டிச்சி.

"அக்கா, பேசாதீங்க, கோடு விழும்"னு கிருபா பதறுதா.

"விழட்டும் பிள்ள. கனி, அன்னைக்கு வேக்ஸ் சூடில்லட்டி."

நூலு நிக்கல, அந்த வரிசைய முடிச்சிட்டுத்தான் நிப்பாட்டுனா. "தெரியும்க்கா. என் கையில வச்சுப் பாத்துட்டுத்தான அவ உதட்டுல வச்சேன்."

"தெரியும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லட்டி."

"மூணு தடவ சொன்னேன்க்கா. நீங்கதான் பேச விடல." கோவமாச் சொல்லல, நடந்தத நடந்தபடி சொல்லுதா. "சூடில்லன்னு தெரியும். அப்புறம் எதுனாலன்னுதான் எட்டு வருசமாத் தெரியாது. நாந்தான் என்னமோ பண்ணிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். எங்க மதினி மக கெஞ்சிக் கேட்டும், அதுக்கப்புறம் ஒருத்தி உதட்டுலயும் நான் கை வைக்கல."

பஞ்ச எடுத்துத் தூரப் போட்டேன். வெளிச்சம் கண்ணுல குத்துச்சி. கனி கொஞ்சம் மெலிஞ்சிருக்கா, காதோரம் நரச்சிட்டு, நூல் இன்னும் பல்லுக்கெடையிலதான் இருக்கு. என் முகத்தப் பாத்தா யாருக்கும் சிரிப்பு வரும், அவ சிரிக்கல. "தப்பு எம்மேலதாம்ட்டி. எனக்கும் தெரியாது, ஆனா தெரியாதுன்னு சொல்லாம உந்தலையில போட்டேன். நாளைக்குக் காலம்பற வந்திரு. நான் நிக்கிற நாற்காலிகிட்ட நீ நில்லு."

அவ நூலப் பல்லுலேருந்து எடுத்து, வெரல்ல சுத்திச் சுத்தி வச்சா. "வாரதப் பத்தி ஒண்ணுமில்லக்கா. அந்த மங்களேசுவரி வீட்டுல நீங்கதான போயிச் சொன்னீக, நான் சுட்டுட்டேன்னு. இன்னைக்கும் அந்தத் தெரு வழியாப் போனா அவுகம்மா என்னயப் பாத்து முகத்தத் திருப்பிக்கிடுதாக."

எழுந்து உக்காந்துட்டேன். அந்தம்மா என்ன சொல்லுவாகளோ, வாசல்ல வச்சே கேப்பாகளோ, ஊரு பூரா என்னயப் பேசுமோ, பேசட்டும். பயமாத்தான் இருந்திச்சி. ஆனா மனசு லேசாவும் இருந்திச்சி, ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். கிருபா ஒரு புருவம் முடிஞ்சும் ஒரு புருவம் பாதியுமா, ஒண்ணும் புரியாம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.

"அந்தப் பிள்ள புருவத்த முடிச்சு விடு கனி"ன்னேன். அவ முடிச்சா. நான் காத்திருந்தேன். அப்புறம் கிருபாவப் பாத்துச் சொன்னேன்: "காஞ்சது போதும், இதக் கழுவி விடு பிள்ள. நாங்க ரெண்டு பேரும் அந்தம்மா வீடு வரைக்கும் போயிட்டு வாரோம். எடம் ஒண்ணுன்னாலும் நீயும் இனி இங்கதான், கடையப் பாத்துக்கோ."